கடலூரிலிருந்து அண்ணாமலைக்கு: திரும்பும் பஸ்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

கடலூர்க்காரர்களுக்குத் திருவண்ணாமலை போய்ச் சேருவது பெரிய விஷயமில்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அந்த வழியாக வேலூர் போகும் பஸ் வரும். ஏறி உட்கார்ந்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். ஆட்கள் திண்டாடுவதெல்லாம் திரும்பும்போதுதான். வெறுங்காலில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து முடித்து, ராத்திரி பத்து மணிக்கு நேர் பஸ் எப்போ வரும் என்று கால் மாற்றி நிற்பது கொடுமை. மஞ்சக்குப்பத்தில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்கு எப்போ வந்து சேரணும்?" அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

அடுத்த கேள்வி, பௌர்ணமியா சாதாரண நாளா? முதல் தடவை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் சாதாரண நாளில் போவதே நல்லது. செவ்வாய், புதன் மாதிரி நாளில் மலை முழுக்க உங்களுக்குத்தான். பௌர்ணமி கிரிவலத்துக்கு ஒரு தனி களை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மலையைவிட முன்னால் போகிறவர் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சாதாரண நாளுக்கு என் கணக்கு இது. மதியச் சாப்பாடு முடித்து ஒரு மணி வாக்கில் கிளம்புங்கள். நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே ஓடிப்போய்ப் பிரயோஜனமில்லை. சாயங்காலம் தரிசனம், ராத்திரி அங்கேயே தங்கல், விடியற்காலை நாலு மணிக்குக் கிரிவலம். எட்டு, எட்டரைக்குள் சுற்றி முடித்துவிடலாம். இட்லி சாப்பிட்டு, கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு பத்து மணிக்கு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. ஒரே நாளில் போய்த் திரும்பவும் முடியும். ஆனால் வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல்தான் நடக்க வேண்டியிருக்கும், முடிக்க எட்டு மணி ஆகிவிடும். அப்போது கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். விழுப்புரம் பஸ் எது வந்தாலும் ஏறிவிடுங்கள். விழுப்புரம் ராத்திரி தூங்காத ஊர். அங்கே வந்துவிட்டால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஏதாவது ஒன்று கிடைக்கும்.

வழியைப் பற்றி. நம் பஸ் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, மடப்பட்டு, திருக்கோவிலூர் வழியாகப் போகும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ஓடும் காலமானால் ஜன்னலை மூடினாலும் அந்த வாசனை உள்ளே வந்துவிடும். திருக்கோவிலூரில் தென்பெண்ணையைத் தாண்டிய பிறகு ஜன்னலோரம் இருப்பவர்கள் தூங்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மலை தெரிய ஆரம்பிக்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு திண்டிவனம், செஞ்சி வழி இருக்கிறது. செஞ்சிக் கோட்டை மலைகளைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை இலவசம், அதற்கப்புறம் டிக்கெட் எடுக்க வேண்டும். இதற்காகக் கண்டக்டரோடு சண்டை போடாதீர்கள்.

ரயிலும் உண்டு. மன்னார்குடியிலிருந்து திருப்பதி போகும் பாமணி எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகத் திருவண்ணாமலை போகிறது. தினமும் கிடையாது, ஓடும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விழுப்புரம் போய், காட்பாடி பாதையில் போகும் வண்டிக்கு மாறலாம். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கடலூர் துறைமுகம் ஸ்டேஷன் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருப்பது திருப்பாதிரிப்புலியூர்.

இந்த விழுப்புரம் பாதையில் போகும்போதெல்லாம் எனக்கு ரமணர் ஞாபகம்தான். 1896இல் மதுரையிலிருந்து பின்னாளில் ரமணரான பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் கிளம்பியபோது பார்த்தது ஒரு பழைய வரைபடத்தை. அதில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதையே இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து அதற்கு டிக்கெட் எடுத்துவிட்டார். விழுப்புரத்தில் மாறினால் போதும் என்று வண்டியில்தான் தெரிந்தது. கையிலிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து அரகண்டநல்லூருக்கு நடை. கடுக்கனை அடகு வைத்துப் பணம் வாங்கி, திருக்கோவிலூர் ஸ்டேஷனில் மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 காலையில் போய்ச் சேர்ந்தார். அந்தத் திருக்கோவிலூர் ஸ்டேஷன் இன்றும் ஆற்றின் வடகரையில், அரகண்டநல்லூரில்தான் இருக்கிறது. திருக்கோவிலூர் ஊருக்குள் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பழைய டைம்டேபிளை நம்பிக் கிளம்பாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

சரி, நடைக்கு வருவோம். ராஜகோபுரத்தில் தொடங்கி மலை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். சாலையின் இடது ஓரமாகப் போவது வழக்கம், மலையடிவாரப் பக்கம் சித்தர்கள் நடப்பதாக நம்பிக்கை. இந்திரலிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடத்தில் மட்டும் கவனம், பேசிக்கொண்டே நேராகப் போய்விடுவார்கள். செருப்பைக் கடையோரம் விடாமல் மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். வெறுங்காலுக்கு எதிரி தூரமில்லை, பொடிக்கல். வெயில் ஏறிவிட்டாலோ தார் சுடும். பழகினவர்கள் ரோட்டோர வெள்ளைக்கோட்டின் மேலேயே அடி வைத்துப் போவதைப் பார்க்கலாம், அது அவ்வளவாகச் சுடாது.

என் அத்தைக்கு முட்டி வலி. அவரை ஆட்டோவில் சுற்ற வைத்துவிட்டு நான் நடப்பேன். ஏறுவதற்கு முன்னாலேயே எட்டு லிங்கத்திலும் நிறுத்த வேண்டும், காத்திருப்புக்கும் சேர்த்து இவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். மலை உச்சிக்கு ஏறலாமா என்று இளவட்டங்கள் கேட்பார்கள். 2,668 அடி, ஆசை வரும்தான். வனத்துறை விடாது. ரமணாசிரமத்துக்குப் பின்பக்கமாகக் கந்தாசிரமம் வரை கற்பாதை இருக்கிறது, அது போதும். அங்கிருந்து பார்த்தால் கோயிலின் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கீழே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் நம்மை மட்டுமா அடித்தது? அது கொட்டிய மழையில் மறுநாள் அந்த மலையில் மண் சரிந்து, அடிவார வீட்டில் 7 பேர் போய்விட்டார்கள். அந்த வருஷம் தீபத்தன்று பொதுஜனங்களை மலையேற விடவில்லை. கார்த்திகை தீபக் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பர்வதராஜ குலத்தார் உச்சிக் கொப்பரையில் ஏற்றும் தீபம் 11 நாள் எரியும். மூன்றாம் நாள், நாலாம் நாள் போனாலும் பார்க்கலாம்.

பௌர்ணமிக்குத்தான் போவேன் என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று பஸ் ஊருக்குள் போகாது. நாம் வரும் சாலையிலேயே ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போட்டிருப்பார்கள். இறங்கியதும் அது எந்த இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு பெரிய கடையின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. போகவர அந்தத் தூரத்தையும் 14 கிலோமீட்டரோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு வருவார்கள். ஒன்று, இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஏழு மணி வரை மெதுவாக இருந்துவிட்டு வாருங்கள். விழுப்புரத்துக்குச் சிறப்பு ரயில் விட்டிருந்தால் அதைப் பிடிப்பது உத்தமம்.

கோடையில் போனால் பண்ருட்டிப் பலாச்சுளையைத் திரும்பும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் பஸ் முழுக்க மணக்கும், கடைசியில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துவிடும்.