மலையில் ஓடும் வேனின் பக்கவாட்டில் நகரும் கதவைப் பேணும் முறை

உதகையிலும் கோத்தகிரியிலும் தங்கிப் பயணிப்பதற்கான கேம்பர் வேனாக மாற்றப்பட்ட ஆம்னி, ஈக்கோ போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை, டிசம்பர் உறைபனிக்கு முன் ஒருமுறை என நகரும் கதவைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கதவை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று டிராக்குகளே (ரோலர்கள் எனும் சிறு உருளைகள் ஓடும் தடங்கள்) தாங்குகின்றன. அவற்றுள் காலடியில் இருக்கும் கீழ் டிராக்கில்தான் செம்மண்ணும் இலைத் துணுக்குகளும் அதிகம் சேரும். முதலில் உலர்ந்த தூரிகையால் மண்ணை வெளியேற்றி, பிறகு பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து, துணியால் ஈரத்தை முழுவதும் ஒற்றி எடுங்கள். மண்ணை அகற்றாமல் தண்ணீர் ஊற்றினால் அது சேறாகி ரோலருக்குள் புகுந்துவிடும். பலர் டிராக் முழுவதும் கெட்டியான கிரீஸைப் பூசுகிறார்கள். அதில் ஒட்டும் மணல் உப்புத்தாள்போல் ரோலரைத் தேய்த்துவிடும் என்பதால், அந்தப் பழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். டிராக்கிற்கு மண் ஒட்டாத உலர்வகை மசகும், ரோலரின் அச்சுக்கு மட்டும் சிறிதளவு வெள்ளை லித்தியம் கிரீஸும் போதும்.

கதவின் இடுக்கை அடைக்கும் பீடிங் ரப்பரில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. ரப்பர் உப்பி நெகிழ்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தியபின் சிலிக்கோன் மசகை மெல்லியதாகத் தடவினால், உறைபனிக் காலையில் ரப்பர் தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிழிவது பெருமளவு குறையும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எளிதில் உருவி வரும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் மெல்லிய குச்சியால் திறந்துவிடுங்கள்.