நான்கில் ஒன்றைச் சொடுக்கினால் ஆங்கிலம் வராது

வீட்டிலிருந்தே கணினி வழியாக ஆங்கிலம் கற்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் மென்பொருளை வாங்குமுன் விலையைப் பாருங்கள், மதிப்புரை படியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடையைச் சொடுக்கிக்கொண்டே போவது

போன மாதம் தம்பி ஒருவர் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எட்டு மாதப் பயிற்சி, பாடத்துக்குப் பாடம் பச்சை டிக். "காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் தம்பி" என்றேன். "ஐ ஆம் ஹியர்..." என்று தொடங்கி நின்றுவிட்டார். மென்பொருளில் அதே மாதிரி வாக்கியம் ஒன்றைத் தேடி எடுத்தோம். கோடிட்ட இடத்துக்குக் கீழே நான்கு விடைகள். யோசிக்காமல் 'ஹேவ் பீன்' மேல் சொடுக்கினார். சரி என்று மணி அடித்தது.

அந்த மணிச் சத்தம் எனக்கு இன்றும் எரிச்சலைக் கிளப்பும். நானும் ஒரு வருடச் சந்தா கட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். அப்புறம் ஒரு வேலைக்காகத் தொலைபேசியில் பேச வேண்டி வந்தபோது, முழு வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த வருடம் போனதுதான் ஆறவில்லை.

பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, நினைவிலிருந்து நாமே எடுப்பது வேறு. நான்கு விடைகள் கண்முன் இருந்தால் இரண்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஊகித்துவிடலாம். பேசும்போது அப்படி யாரும் விடைகளை நீட்ட மாட்டார்கள். இருந்தும் இந்த முறை ஒழியாமல் இருக்கக் காரணம் உண்டு. நான்கில் ஒன்றைத் திருத்துவது கணினிக்குச் சுலபம். நீங்களாக எழுதும் வாக்கியம் பல விதத்தில் சரியாக இருக்கலாம், அதைத் திருத்துவதுதான் கடினம்.

அதனால் இலவசப் பாடத்திலேயே சோதித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். முழு வாக்கியத்தை நீங்களே தட்டச்சு செய்தாலோ வாய்விட்டுச் சொன்னாலோ ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து கோடுகூடத் தேறவில்லை என்றால் அந்த மென்பொருள் வேண்டாம். அடுத்து, வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தவறாக அடியுங்கள். தவறு என்பதோடு நிற்கிறதா, ஏன் தவறு என்றும் சொல்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தம்பிக்குக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'ஆங்கி' (Anki) என்ற நினைவு அட்டை மென்பொருளை நிறுவிக் கொடுத்தேன். அட்டையின் முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஆங்கிலம். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். தடுமாறியதாகக் குறித்த அட்டை சீக்கிரம் திரும்பி வரும், தெரிந்தது நாள் தள்ளி வரும். தினமும் பத்து வாக்கியம் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

உச்சரிப்பை மதிப்பெண்ணிடம் விடுவது

பேச்சை அறியும் நிரல்கள் பெரும்பாலும் நீங்கள் சொல்ல வந்தது எது என்று ஊகித்துவிடும். 'ஷீப்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஷிப்' என்று சொன்னாலும் சில நேரம் பச்சை விளக்கு எரியும். மாதிரிக் குரலையும் உங்கள் குரலையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிற மென்பொருளைத் தேடுங்கள். அப்படி அமையாவிட்டால் 'ஆடாசிட்டி' (Audacity) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து நீங்களே ஒப்பிடலாம், அதுவும் இலவசம்தான்.

'தொடக்கநிலை' என்ற சொல்லை நம்புவது

ஒருவருக்குத் தொடக்கநிலை என்பது எழுத்துகள், இன்னொருவருக்கு இறந்தகாலம். மொழித்திறனை அளக்க ஐரோப்பா கவுன்சில் (Council of Europe) 2001இல் வெளியிட்ட சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் இருக்கின்றன. இதில் எந்த நிலைக்கான பாடம் என்று சொல்லாத மென்பொருளை வாங்காதீர்கள்.

பழைய வட்டுகள்

வேண்டாம். பழைய வகையான 32 பிட் நிரல்கள், ஆப்பிளின் மேக் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளத்திலிருந்தே ஓடுவதில்லை. உலாவியில் பிளாஷ் (Flash) என்ற செருகு நிரலை நம்பி ஓடிய பாடங்களும் 2020 முடிவோடு போய்விட்டன.

ஐந்து பாட மென்பொருள்களை ஒரே நேரத்தில் நிறுவுவது

ஒன்று போதும்.

சொல்லை நிரப்பித் தரும் வசதி

பயிற்சி நேரத்தில் அணைத்துவிடுங்கள். இரண்டு எழுத்து அடித்ததும் மிச்சச் சொல்லைக் கணினி போட்டுக் கொடுத்தால், அதுவும் விடையை நீட்டுவதுதான்.