மங்கின ஹெட்லைட்டை மாற்ற முதல்

ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியிருந்தால், சுற்றியுள்ள பெயிண்டில் டேப் ஒட்டிவிட்டு 1000, 2000, 3000 இலக்க வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) இதே ஒழுங்கில் தண்ணீர் விட்டுவிட்டுத் தேயுங்கள். பிறகு பாலிஷ் போடுங்கள். மங்குவது கண்ணாடியல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வன்னி வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பூச்சைக் கெடுத்துவிடும்; கெட்ட படையை எடுத்தால் அடியில் தெளிவான பிளாஸ்டிக் இருக்கும். பற்பசையும் மினுக்கும்தான், ஆனால் கனநாள் நிற்காது. கடைசியாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடியுங்கள், அதை விட்டால் கெதியில் திரும்ப மஞ்சளாகும். ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடு நேரத்தோடு தெரியவேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே ஈரம் கோத்திருந்தாலோ பிளாஸ்டிக் வெடித்திருந்தாலோ இது சரிவராது. பழைய வாகனங்களின் கண்ணாடி லைட்டுக்கும் உதவாது.