அழிந்த ஆந்தையையும் மரத்துக் காளானையும் ஒப்பிடுவது எப்படி?

நியூசிலாந்தின் சிரிக்கும் ஆந்தை இன்று இல்லை. வான்கோழிவால் காளானோ அந்த நாடு உட்பட உலகின் பல பகுதிகளிலும் பட்ட மரங்களில் அடுக்கடுக்காகத் தட்டு விடுகிறது. இரண்டையும் ஒப்பிடப் பட்டியல் போடுமுன் எதை எதனோடு வைக்கிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்.

ஓர் ஆந்தை என்றால் ஓர் உயிர். காளான் தட்டு வித்து பரப்பும் உறுப்பு மட்டும்தான். உடல் மரத்துக்குள் ஓடும் இழைகள். ஒரு கட்டையில் 40 தட்டு இருந்தால் 40 உயிர் என்று எழுதிவிடாதீர்கள். கட்டையைக் குறுக்கே அறுத்தால் வெளிறிய மரத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். பெரும்பாலும் அவை தனித்தனிப் பூஞ்சைகள் ஒன்றையொன்று மறித்து நின்ற எல்லைகள்.

காளான் அதுதானா என்று பார்க்க 10 மடங்கு லென்ஸும் அளவுகோலும் போதும். தட்டு 1 முதல் 3 மி.மீ. தடிமன் இருக்கும், பச்சையில் வளைத்தால் ஒடியாது. மேலே மென்மயிரும் நிற வளையங்களும், அடியில் மி.மீ.க்கு 3 அல்லது அதற்கு மேல் வெண்துளைகளும் இருக்கும். அடிப்பக்கம் துளையின்றி வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீரியம் என்ற, பார்வைக்கு ஒத்த வேறு பூஞ்சை. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். மாதிரியைக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். 40 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். பிறகு காற்றுப்புகாமல் மூடி -20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் உள்ளிருக்கும் வண்டுப் புழுக்கள் சாகும்.

ஆந்தைக்கு அருங்காட்சியகத் தோல்களும், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கிடைக்கும் எலும்புகளும்தான் சான்று. நீளம் 35 முதல் 40 செ.மீ. என்பார்கள். ஆனால் பதப்படுத்தும்போது தோல் இழுபடும் என்பதால் மொத்த நீளத்தை நம்பாமல் இறக்கையையும் கால் எலும்பையும் அளப்பது நல்லது.

நிலை என்ற வரியில் ஆந்தைக்கு "1914 ஜூலை, கேன்டர்பரியின் புளூகிளிஃப்ஸ்: உறுதியான கடைசிப் பறவை, இறந்த நிலையில்" என்று தேதியோடு எழுதுங்கள். காரணத்தையும் விடாதீர்கள்: முயல்களை ஒழிக்க 1880களில் இறக்கிவிடப்பட்ட ஸ்டோட், ஃபெரட் போன்ற கீரியை ஒத்த வேட்டை விலங்குகளும், பூனைகளும். பாறை இடுக்கில், தரையோடு முட்டையிட்ட பறவைக்கு அவற்றிடமிருந்து தப்ப வழியில்லை. காளானுக்கு அந்த வரியை அவசரமாக நிரப்ப வேண்டாம். தட்டு தெரியாத கட்டைக்குள்ளும் இழை உயிரோடு இருக்கலாம்.

உறவு வரியில், விலங்கும் பூஞ்சையும் தாவரத்தைவிட ஒன்றுக்கொன்று நெருக்கம் என்று குறியுங்கள். இரண்டும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாக ஆற்றலைச் சேமிப்பவை. உணவு வரிதான் பெரிய வேறுபாடு. காளான் நொதிகளை வெளியே சுரந்து, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைக்கூடச் சிதைத்து, கரைந்ததை உறிஞ்சும். ஆந்தை இரையை விழுங்கி, எலும்பையும் கைட்டின் என்ற கடினப் பொருளாலான வண்டின் மேலோட்டையும் உருண்டையாகக் கக்கும். அதே கைட்டின்தான் காளானின் செல்சுவரிலும் இருக்கிறது.