முதல் பார்பெக்யூ அடுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் முதலில் வாங்கியது மூடியே இல்லாத ஒரு தட்டையான கரி அடுப்பு. மடக்கினால் ஒரு சூட்கேஸ் அளவுதான், காரின் பின்னால் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். முதல் நாளே கோழிக்கால்கள் வெளியே கருகிவிட்டன. உள்ளே எலும்பை ஒட்டிப் பச்சையாகவே இருந்தன. பிள்ளைகள் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதித் தப்பு அடுப்பில் இருந்தது. எது என் வீட்டுக்குப் பொருந்தும் என்று யோசிக்காமல், பார்க்க அழகாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். நீங்களும் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இந்த விளக்கம்.

படி 1: அடுப்புக்கு முன்னால் இடம்

அடுப்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். தலைக்கு மேலே கூரை, பந்தல், மரக்கிளை எதுவும் இருக்கக் கூடாது. வீட்டுச் சுவர், வேலி, துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். தரை சமமாக இருக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, புகை யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்பதையும் கவனியுங்கள். அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சின்னப் பிள்ளைகளும் நாய் பூனைகளும் வரக் கூடாது. அந்த வட்டத்துக்கும் சேர்த்து இடம் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ வீட்டுக்குள்ளும், கார் ஷெட்டிலும், கூடாரத்துக்குள்ளும் பற்றவைக்கவே கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அணைந்துபோனது போலத் தெரியும் கரிகூட அதை விட்டுக்கொண்டே இருக்கும். மழை வந்துவிட்டது, கூடாரம் குளிராக இருக்கிறது என்று அடுப்பை உள்ளே இழுத்து வைத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

அடுக்குமாடியில் பால்கனி மட்டும்தான் இருக்கிறதா? குடியிருப்பின் விதிகள் என்ன சொல்கின்றன என்று முதலில் கேளுங்கள். நெருப்பே கூடாது என்றால் உங்கள் தேர்வு அங்கேயே முடிந்தது: மின்சார கிரில், அதுவும் விதி அனுமதித்தால்.

படி 2: கரியா, கேஸா, மின்சாரமா?

பலர் ருசியை வைத்து இதை முடிவு செய்யப் பார்க்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு சாதாரண நாளில், பிள்ளைகள் பசி பசி என்று காலைச் சுற்றும்போது, அடுப்பைப் பற்றவைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பொறுமை இருக்கும்?

கரி என்றால் தீக்குச்சி கிழித்ததிலிருந்து உணவு தட்டில் விழும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேஸ் அடுப்பு பத்துப் பதினைந்து நிமிடங்களில் தயார். மின்சாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு சாவகாசமாக என்றால் கரிதான் சுகம். நெருப்போடு மல்லுக்கட்டுவதே பாதி விளையாட்டு. வாரம் இரண்டு முறை இரவுச் சாப்பாடே இதில்தான் என்றால், யோசிக்காமல் கேஸுக்குப் போய்விடுங்கள்.

சரி, ருசி? கரியில்தான் அந்த வாசம் வரும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நாம் விரும்பும் வாசத்தில் பெரும்பங்கு, இறைச்சியின் கொழுப்பும் சாறும் சூடான பரப்பில் சொட்டி ஆவியாகி மேலே வருவதால் உண்டாவது. அது கேஸ் அடுப்பிலும் நடக்கும். பழுப்பாக முறுகும் அந்த மேல்தோலும் எரிபொருளால் வருவதல்ல. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் மாற்றம் அது. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் மெய்யார் வினை என்கிறார்கள். ஆனால் விறகுப் புகையின் மணம் வேண்டுமென்றால் கரி அடுப்பு ஒரு படி மேல்தான். கங்கின் மேல் இரண்டு மரத்துண்டுகளைப் போட்டால் போதும்.

கரியிலும் இரண்டு வகை. மரத்துண்டு வடிவிலேயே இருக்கும் கரி சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் ஒரே அளவில் இராது, சூடும் ஏறி இறங்கும். தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் மெதுவாகப் பற்றி, ஒரே சீராக நீண்ட நேரம் எரியும். சாம்பல்தான் கொஞ்சம் அதிகம். புதியவர்களுக்குப் பிரிக்கெட்தான் நல்லது, அதன் சூடு எப்படிப் போகும் என்று கணக்குப் பண்ணலாம்.

கேஸ் என்றால் குளிர்நாட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். குளிர்காலத்திலும் வெளியே சமைக்கிற ஆசை இருந்தால் புரொப்பேன்தான் வழி. எதுவானாலும், அடுப்போடு எந்த வகை சிலிண்டர், எந்த ரெகுலேட்டர் பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

மரக்குருணையில் ஓடும் பெல்லட் அடுப்பு, முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு என்றெல்லாம் கண்ணில் படும். நல்ல பொருட்கள்தான். ஆனால் முதல் அடுப்பாக வேண்டாம். முன்னதற்கு மின் இணைப்பு வேண்டும், பின்னதை இடம் மாற்ற நாலு பேர் வேண்டும்.

படி 3: தலைகளை எண்ணுங்கள்

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது அடுப்புக்கும் பொருந்தும். வருடத்துக்கு ஒருமுறை வரும் இருபது விருந்தாளிகளை நினைத்து வாங்கிய ராட்சச அடுப்பு, மீதி நாளெல்லாம் நாலு பேருக்குச் சமைக்கக் கரியை விழுங்கும். கழுவவும் யாருக்கும் மனசு வராது. வழக்கமாக யார் சாப்பிடுவார்களோ அவர்களை மட்டும் எண்ணுங்கள். கூட்டம் வந்தால் இரண்டு ஈடாகப் போட்டுக்கொள்ளலாம்.

நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: ஆளுக்கு 450 சதுர சென்டிமீட்டர் கம்பித்தட்டு. ஐந்து பேருக்கு 2,250. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 57 சென்டிமீட்டர் உருண்டைக் கரி அடுப்பின் தட்டு ஏறக்குறைய அவ்வளவு பரப்பு வரும். 47 சென்டிமீட்டர் அடுப்பு மூன்று பேருக்குச் சரி.

கேஸ் அடுப்பில் பரப்போடு பர்னர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். குறைந்தது இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. ஒரே பர்னர் என்றால் தட்டு முழுக்க ஒரே சூடு. ஒரு பக்கம் அனலும் மறுபக்கம் இதமும் வைத்துக்கொள்ள வழியில்லை, அதுதான் இந்தச் சமையலின் அடிப்படையே. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பி.டி.யூ எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மெல்லிய தகர மூடி சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தால் எண் பெரிதாக இருந்து என்ன பயன்?

படி 4: மூடி

இதை ஒரு தனிப் படியாகவே வைக்கிறேன். மூடி இல்லாத அடுப்பை முதல் அடுப்பாக வாங்காதீர்கள்.

மூடி இல்லையென்றால் சூடு கீழேயிருந்து மட்டும்தான் வரும். மெல்லிய துண்டுகளுக்கு அது போதும். எலும்புள்ள கோழிக்கும் முழு மீனுக்கும் போதாது, என் கோழிக்கால்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மூடியைப் போட்டதும் சூடான காற்று உள்ளேயே சுழன்று நாலாபக்கமும் வேகவைக்கும். அப்போதுதான் அடுப்பு ஒரு ஓவனாக மாறுகிறது. கொழுப்பு சொட்டிக் குப்பென்று தீ எழும்பினாலும் மூடியும் காற்றுத் துளையும்தான் அதை அடக்கும்.

உருண்டை அடுப்பு பிறந்ததே மூடிக்காகத்தான். அமெரிக்காவில் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952-இல் கடல் மிதவை செய்யும் உலோக அரைக்கோளங்களை எடுத்து, ஒன்றை அடுப்பாகவும் மற்றொன்றை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் சாம்பலும் தன் திறந்த அடுப்பைப் படுத்திய பாடுதான் காரணம். வெபர் என்ற பெயரில் விற்கும் அடுப்பு அப்படி வந்ததுதான்.

கடையில் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். விளிம்பு நன்றாகப் பொருந்துகிறதா? கரி அடுப்பு என்றால் மேலே ஒரு காற்றுத் துளை, கீழே ஒன்று, இரண்டுமே திருகினால் இலகுவாக நகர வேண்டும். காற்றைக் கூட்டினால் சூடு கூடும், குறைத்தால் குறையும், அடுப்பின் ஸ்டியரிங் அதுதான். அப்புறம் அடுப்பைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கடையிலேயே ஆடுகிற கால், தீயோடு நிற்கும்போது உங்களைக் காப்பாற்றாது. சாம்பலை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பித்தட்டு வார்ப்பிரும்பு என்றால் சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எண்ணெய் தடவிப் பராமரிக்காவிட்டால் துருப்பிடிக்கும். சோம்பேறிகளுக்கு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், துருப்பிடிக்காத எஃகே நல்லது.

படி 5: கூடவே வாங்க வேண்டியவை

நீளமான இடுக்கி, தடிமனான கையுறை, கரிக்காரர்களுக்கு ஒரு சிம்னி ஸ்டார்ட்டர் (கரியைப் போட்டுப் பற்றவைக்கும் உலோகக் குழாய்), இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி. இவ்வளவுதான். இருபது சாமான் அடங்கிய பெட்டியை வாங்கினால் பதினாறு அப்படியே தூங்கும்.

வெப்பமானியை மட்டும் தவிர்க்காதீர்கள். மூடியில் பதித்திருக்கும் முள் மேலேயுள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும், கோழியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கோழி 74 டிகிரி செல்சியஸ், அரைத்த இறைச்சி 71, மீன் 63. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுப்புப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வெட்டிப் பார்த்து நிறத்தை வைத்து முடிவு செய்வது ஏமாற்றும்.

கம்பித்தட்டைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வாங்க வேண்டாம். உதிர்ந்த கம்பி உணவில் ஒட்டித் தொண்டைக்குள் போன சம்பவங்கள் உண்டு. தட்டு சூடாக இருக்கும்போதே கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியால் பிடித்துத் தேய்த்தால் போதும்.

படி 6: முதல் நாள், உணவு இல்லாமல்

புது அடுப்பில் ஆலையின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். முதல் முறை எதையும் வைக்காமல், நல்ல சூட்டில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். விருந்தாளிகள் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், அப்படியே பழகிக்கொள்ளவும் ஆயிற்று.

கேஸ் அடுப்பு: இணைப்பு முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவி, பர்னர்களைத் திறக்காமல் சிலிண்டர் வால்வை மட்டும் திறங்கள். குமிழி வந்தால் கசிவு, உடனே மூடிவிடுங்கள். பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மூடி வைத்துக்கொண்டு திருகினால் உள்ளே தேங்கிய கேஸ் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும். புருவம் போவது அதிர்ஷ்டசாலிக்கு.

கரி அடுப்பு: சிம்னி ஸ்டார்ட்டரின் அடியில் காகிதம், மேலே கரி. காகிதத்தைப் பற்றவைத்துவிட்டு இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள், ஆனால் அடுப்பு கண் பார்வையில் இருக்கட்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். கரி சாம்பல் நிறத்தில் நீறு பூத்து வந்ததும் அடுப்பின் அடித்தட்டில் பாதிப் பக்கம் மட்டும் கொட்டுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும். கங்கின் மேல் நிறம் ஏற்றி, காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடிபோட்டு உள்ளே வேகவிடுவதுதான் வித்தை. கம்பித்தட்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் அனல் அதிகம். ஐந்தாறு விநாடி தாங்கினால் மிதமானது.

இரண்டாம் நாள் சோளக்கதிர், குடைமிளகாய், காளான் மாதிரி எதையாவது போடுங்கள். கொஞ்சம் முன்பின் ஆனாலும் யாருக்கும் வயிறு கெடாது. கோழியை மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைக்காதீர்கள், வீட்டில் நாங்கள் இதற்கென்றே இரண்டு நிறத்தில் தட்டு வைத்திருக்கிறோம்.

கொழுப்பில் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியைப் போட்டு, கேஸையோ காற்றுத் துளைகளையோ அடையுங்கள். முடிந்த பிறகும் கரியை நம்பாதீர்கள். சாம்பலுக்கு அடியில் மறுநாள்கூடக் கங்கு உயிரோடு இருக்கும். இரண்டு நாள் அப்படியே ஆறவிட்டு, மூடியுள்ள உலோக வாளியில் அள்ளுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். தொட்டியின் அடிப்பகுதி அடுப்புச் சட்டியின் வடிவத்திலேயே வட்டமாக உருகிப் போயிருந்தது.