பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் சர்வருக்குப் போகவில்லையா?

தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்த் திரும்பிய நாள்களில், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் எழும் புகார் ஒன்று உண்டு: பச்சை இலைக் கொள்முதல் ரசீதுகளை ஸ்கேன் செய்து சர்வர் கோப்புறைக்கு அனுப்பினால் 'இணைப்பு தோல்வி' என்று பிரிண்டர் காட்டுகிறது, பிரிண்ட் மட்டும் தடையின்றி வருகிறது. உடனே டிரைவரை (பிரிண்டரை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருளை) நீக்கி மீண்டும் நிறுவுவதில் பலரும் பாதி நாளைப் போக்கிவிடுகிறார்கள். பிரிண்ட் எடுக்கும்போது கணினிதான் பிரிண்டரைத் தேடிச் செல்கிறது. ஸ்கேன் அனுப்பும்போது பிரிண்டரே சர்வரைத் தேடிச் சென்று, கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாயில் வழியாகப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைய வேண்டியிருக்கிறது. இந்தப் பாதையில் கணினியின் டிரைவருக்கு வேலையே இல்லை.

முதலில் முகவரியைப் பாருங்கள். ரௌட்டர் அணைந்து எழுந்ததும் சர்வருக்கு வேறு ஐ.பி. எண் கிடைத்திருக்கலாம். மற்ற கணினிகள் சர்வரைப் பெயரால் கண்டுபிடித்துக்கொள்வதால் அவற்றில் மாற்றம் எதுவும் தெரியாது. பிரிண்டரின் முகவரிப் புத்தகத்திலோ பழைய எண்ணே நிற்கும். புதிய எண்ணை இட்டதும் ஸ்கேன் போய்விட்டால், அந்த எண்ணை ரௌட்டரிலேயே சர்வருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்தடையிலும் இதே கதைதான். சர்வரின் எண் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் சோதியுங்கள்.

எண் சரியாக இருந்தும் போகவில்லையென்றால், வேறொரு கணினியில் \\192.168.1.20 என்பதுபோல் சர்வரின் எண்ணைக் கொண்டே பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லையா? இடியில் பழுதான ரௌட்டரை மாற்றியிருந்தால், விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காக எண்ணிப் 'பொது' வகையில் சேர்த்திருக்கும். அப்போது ஃபயர்வால் கோப்புப் பகிர்வை அடைத்துவிடும். அலுவலக நெட்வொர்க்கைத் 'தனிப்பட்டது' என மாற்றினால் போதும், ஃபயர்வாலை முழுவதும் அணைக்க வேண்டாம்.

கணினியில் திறந்து பிரிண்டரில் மட்டும் மறுக்கப்பட்டால், கவனம் கடவுச்சொல்லுக்குத் திரும்ப வேண்டும். விண்டோஸ் சர்வரின் ஈவென்ட் வியூவரில், பாதுகாப்புப் பதிவில் நுழைவு தோல்வியைக் குறிக்கும் 4625 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். அதில் பிரிண்டரின் முகவரி இருந்தால் பாதை திறந்திருக்கிறது, நுழைவுதான் தவறுகிறது என்பது உறுதி. கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது, கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும். டொமைனில் (கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்கில்) கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் நுழையும் பிரிண்டரானால் கடிகாரத்தையும் பாருங்கள். இயல்பு அமைப்பில், நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் அனுமதி கிடைக்காது. பகிர்வு, கோப்புறை இரண்டிலும் எழுதும் உரிமை தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

சர்வர் கணினியைப் புதிதாக மாற்றியபின் தொடங்கிய கோளாறு என்றால், பழைய பிரிண்டருக்கு, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரிந்திருக்கலாம். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அதன் சர்வர் பகுதி இருப்பதில்லை. அதை மீண்டும் இயக்கினால் ஸ்கேன் உடனே போகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது இந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். விவசாயிகளுக்குப் பணம் கொடுத்த கணக்குகள் இருக்கும் சர்வரை அந்த ஆபத்தில் வைப்பது நியாயமன்று. பிரிண்டர் நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருள்) தந்திருந்தால் அதை ஏற்றுங்கள். இல்லையென்றால், வேறு பிரிண்டர் வாங்கும்வரை ரசீதுகளைப் பென்டிரைவில் ஸ்கேன் செய்து சர்வருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.