மலையகப் பாடசாலையைப் பசுமையாக்க, குப்பையிலிருந்து தொடங்குங்கள்

ஜூன் 5 சுற்றாடல் தினம் வந்ததும் கன்று நட்டுப் படம் எடுப்போம். பெப்ரவரி வெயிலில் அதே கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அதனால் இந்தச் செய்முறையில் மரம் நடுவதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் குப்பை, அடுத்தது தண்ணீர்.

படி 1: ஒரு கிழமைக் குப்பையைச் சேருங்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை எதையும் எரிக்காமல், கொட்டாமல் உரப்பைகளில் சேர்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தறப்பாளை விரித்து, தரம் 8, 9 பிள்ளைகளோடு சேர்ந்து தரம் பிரியுங்கள். கையுறை கட்டாயம். தராசு இல்லையா? கொழுந்து மடுவத்தில் கேட்டுப் பாருங்கள், நிறுவையில் அவர்களை விடக் கெட்டிக்காரர் யார்?

கண்ணுக்கு நிறையத் தெரிவது டொபி, பிஸ்கட் கவர்களும் ரொட்டி சுற்றி வந்த லஞ்ச் ஷீட்டும்தான். நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் சாப்பாட்டு மிச்சமும் சருகும் முந்திவிடும். கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

படி 2: எரிக்கும் குழியை மூடுங்கள்

பிளாஸ்டிக்கை எரித்தால் டயொக்சின் போன்ற நச்சுகள் கிளம்பும். மூடுபனி நாளில் அந்தப் புகை மேலே போகாமல் வகுப்பறைக்குள்தான் வரும். கானில் தள்ளிவிடுவது அதைவிட மோசம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அதில் அம்பத்தலையில் எடுக்கும் தண்ணீரைத்தான் கொழும்பு பெரும்பாலும் குடிக்கிறது. தலவாக்கலைப் பக்கத்துக் கான் என்றால் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகும்.

காகிதம், போத்தல் போன்றவற்றைத் தனித்தனியாகக் கட்டி வைத்து, எடுக்க வரும் நாளைப் பிரதேச சபையில் கேளுங்கள். லஞ்ச் ஷீட்டுக்குப் பதில் என்ன என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விடியற்காலையில் கொழுந்துக்குப் போகும் அம்மாவிடம் "புதுப் பெட்டி வாங்குங்கள்" என்று கடிதம் அனுப்புவது நியாயமில்லை. நுவரெலியாக் குளிரில் வாழை இலையும் எளிதில் கிடைக்காது. ரொட்டியைச் சுத்தமான துணியில் சுற்றினால் போதும். பெட்டிதான் வேண்டுமென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் காசு போடட்டும். அப்புறம், பரிசளிப்பு விழாவுக்கு வரும் விருந்தினருக்குப் பிளாஸ்டிக் மாலை வேண்டாம். 2023 ஒக்டோபரிலிருந்து அதற்குத் தடை இருக்கிறது.

படி 3: கூட்டெருக் குவியல்

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய குவியல் நம் குளிரில் சூடாகவே ஆகாது. கானிலிருந்து தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள்.

அடியில் சுள்ளி பரப்புங்கள். அதன்மேல் மூன்று கூடை சருகு, ஒரு கூடை பச்சை என்று மாறி மாறிப் போடுங்கள். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வெட்டிய புல் எல்லாம் பச்சைக் கணக்கு. மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து கொஞ்சம் சாணம் கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். மீன் முள்ளும் இறைச்சியும் கூடவே கூடாது. நாய் மட்டுமல்ல, காட்டுப்பன்றியும் வரும்.

மழையில் ஊறாதபடி தறப்பாளால் மூடி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால், நாறினால், சருகு சேருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கறுத்து, மண் வாசம் வந்தால் எரு தயார். குளிரான இடங்களில் நான்கு மாதமும் ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

படி 4: கூரைத் தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லீட்டர். சிந்துவதைக் கழித்தாலும் 800 தேறும். ஒரு கட்டடத்துக்கு மட்டும் பீலி போட்டு, குழாயைத் தாங்கிக்கு இழுங்கள். மழை தொடங்கியதும் முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். தாங்கி வாயில் நுளம்பு புகாத வலை கட்டாயம். இது மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும். குடிக்க வேண்டாம், அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் பேச்சே இல்லை.

ஹட்டன் பக்கம் மே மாதத்துக்கு முன் வேலையை முடியுங்கள். பதுளைப் பக்கம் ஒக்டோபருக்கு முன் முடித்தால் சரி.

படி 5: சரிவும் தோட்டமும்

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரே மழையில் மண் கானுக்குப் போய்விடும். விளிம்பில் வெட்டிவேர் வரிசை, உள்ளே போஞ்சி, கோவா, லீக்ஸ். மண்மேட்டை மட்டும் நீங்களாக வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று எதையாவது கண்டால் தோட்ட வேலையை நிறுத்தி, அதிபர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

மரமா? இப்போது நடலாம். எருவும் தண்ணீரும் கைவசம் இருக்கிறதே.

படி 6: விடுமுறைப் பட்டியல்

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிக் குழு உங்கள் பாடசாலையில் இருந்தால் பொறுப்பை அதற்கே கொடுங்கள். தரம் 11க்குப் போகிறவர்கள் வேலையைத் தம்பி தங்கைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கு, பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருவர் இருவராகப் பெயர் எழுதுங்கள். பட்டியலில் முதல் வேலை தாங்கி வலையைப் பார்ப்பது. குவியலைப் புரட்ட ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. வலை கிழிந்திருப்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டுபிடித்தால் அதிபர் முகத்தைப் பார்க்க முடியாது.